தொட்டி எத்தனை லிட்டர்? கணக்கைக் கேட்போம்!
(ஒரத்தநாடு ஒன்றியப் பயிற்சிக் கூட்டத்தில் நம் ஐ.டி. விங் தன்னார்வலர் ஆற்றிய உரை)



மழை பெஞ்சதும் தண்ணி நிக்குற தெருவை போட்டோ எடுத்து எல்லாரும் போடுறோம். போடணும், தப்பில்ல. ஆனா அதோட நின்னா, "பூமிக்கு அடியில தொட்டி கட்டுறோம்"னு ஒரு பதில் வரும். நாமளும் கைதட்டிட்டு வந்துடுவோம். தொட்டி எத்தனை லிட்டர், அந்த அளவு எப்படி வந்துச்சுன்னு யாரும் கேக்குறதில்ல. இனி கேட்போம். கணக்கு ரொம்பச் சுலபம்.

ஒரு சதுர மீட்டர்ல 1 மி.மீ. மழை பெஞ்சா 1 லிட்டர் தண்ணி. கடைத்தெருவுல ஒரு ஏக்கரை எடுத்துக்குங்க, சுமாரா 4,000 சதுர மீட்டர். ரெண்டு மணி நேரத்துல 100 மி.மீ. மழைன்னு வைப்போம். மொத்தம் 4 லட்சம் லிட்டர். மண் தரையா இருந்தா ஒரு பகுதி உள்ள இறங்கிடும். நம்ம கடைத்தெரு முழுக்க கான்கிரீட்டும் தார் ரோடும்தான். அதனால பத்துல ஒன்பது பங்கு ஓடி வரும்: 3,60,000 லிட்டர்.

அதே நேரத்துல வடிகால் நொடிக்கு 20 லிட்டர் வெளியேத்துதுன்னா, ரெண்டு மணி நேரத்துல 1,44,000 லிட்டர் போயிடும். மிச்சம் 2,16,000 லிட்டர். அதுதான் தொட்டியோட அளவு. 12 மீட்டர் நீளம், 9 மீட்டர் அகலம், 2 மீட்டர் ஆழம். 12,000 லிட்டர் டேங்கர் லாரியில 18 லோடு. நான் சொன்ன எண்கள் உதாரணத்துக்குத்தான். நம்ம ஊர் மழை அளவையும் வடிகால் அளவையும் அளந்து போட வேண்டியது அதிகாரிகளோட வேலை.

இப்பதான் முக்கியமான விஷயம். அந்த 20 லிட்டர் நிஜமாவே வெளியேறுமா?

மும்பையில தாதர் பக்கம் இந்துமாதா சந்திப்புல வருஷா வருஷம் தண்ணி நிக்கும். கடல் ஏத்தத்துல இருக்கும்போது வடிகால் தண்ணி வெளியே போகாது. அதனால பக்கத்துப் பூங்கா, மைதானத்துக்கு அடியில பெரிய தொட்டிகள் கட்டி, தண்ணியை பம்ப் பண்ணி வச்சு, கடல் இறங்கினதும் வெளியே விடுறாங்க.

நமக்கு இங்க கடல் ஏத்தம் கிடையாது. ஆனா ஐப்பசி, கார்த்திகையில வடிகால் வாய்க்காலே ரொம்பி நிக்குமே! அப்ப ஊர்த் தண்ணி எங்க போகும்? வெளியேத்தம் பூஜ்யம்னு போட்டுப் பாருங்க. 18 லோடு 30 லோடாகுது. ஆறு மணி நேரம் 150 மி.மீ. பெஞ்சா 5,40,000 லிட்டர், அதாவது 45 லோடு. இவ்வளவும் ஒரே ஒரு ஏக்கருக்கு! வடிகால் திறந்திருந்தா அடிச்சுப் பெய்யுற மழைதான் அளவைத் தீர்மானிக்கும். அடைஞ்சிருந்தா நின்னு பெய்யுற மழை தீர்மானிக்கும். இது நம்ம விவசாயிகளுக்குப் புதுசில்ல. பாசன வாய்க்கால் வேற, வடிகால் வேறன்னு அவங்களுக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டாம்.

இன்னொண்ணு. மழைக்காலத்துல நிலத்தடி நீர் மேலே வர்ற இடத்துல காலித் தொட்டியை தண்ணி கீழேயிருந்து தூக்கும். உறிஞ்சு குழியும் அங்க வேலை செய்யாது. அதனால தோண்டுறதுக்கு முன்னாடி மண்ணையும் நீர்மட்டத்தையும் பார்த்தே ஆகணும்.

ஒரு ஏக்கர் குளத்துல ஒரு மீட்டர் ஆழத்துக்கு இடம் இருந்தா 40 லட்சம் லிட்டர் பிடிக்கும். நம்ம உதாரணத் தொட்டியைப் போல 18 தொட்டிக்குச் சமம்! குளத்தையும் வரத்து வாய்க்காலையும் தூர்வாராம, ஆக்கிரமிப்பை எடுக்காம, தொட்டி மட்டும் கட்டினா அது கண்துடைப்பு.

பகுதி சபையில, கிராம சபையில இந்த நாலு கேள்வியைக் கேளுங்க:

1. எத்தனை மி.மீ. மழைக்கு, எத்தனை மணி நேரத்துக்குக் கணக்குப் போட்டீங்க?
2. வடிகால் ரொம்பி நின்னா என்ன ஆகும்?
3. அடுத்த மழைக்குள்ள தொட்டி காலியாகுமா? எப்படி?
4. வண்டலை யார் எடுப்பா, எத்தனை மாசத்துக்கு ஒருதடவை?

நம்ம கட்சி கவுன்சிலரா இருந்தாலும் இதே நாலு கேள்விதான். தண்ணிக்குக் கட்சி தெரியாது தோழர்களே. பதில் எழுத்துல வாங்குங்க. வாங்கினதும் நம்ம பக்கத்துக்கு அனுப்புங்க, கணக்கைச் சேர்ந்து சரிபார்ப்போம்.



#ஒரத்தநாடு #கணக்கைக்_கேட்போம்