சொந்த வளவில் ஒரு கடை

(கல்லூரியின் நூற்றாண்டு விழாவையொட்டி நடைபெற்ற சுயதொழில் அமர்வில் பழைய மாணவி ஒருவர் ஆற்றிய உரை)



சுயதொழில் செய்யும் எங்கள் மாணவியருக்குப் பயன்படக்கூடியதாக ஏதாவது பேசும்படி சங்கம் கேட்டது. சிறுதொழிலுக்கு ஏன் நல்லதொரு இணையத்தளம் வேண்டும் என்பதைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். "முகநூல் பக்கம் இருக்குது, வட்ஸ்அப் இருக்குது, இனி என்னத்துக்கு இணையத்தளம்?" என்று சிலர் மனதுக்குள் கேட்பது எனக்குத் தெரிகிறது. அந்தக் கேள்வியிலிருந்தே தொடங்குவோம்.

2018 மார்ச் மாதம் கண்டிப் பகுதியில் கலவரம் நடந்தபோது முகநூல், வட்ஸ்அப், வைபர் எல்லாவற்றையும் அரசாங்கம் ஒரு வாரமளவுக்கு முடக்கி வைத்தது. 2019இல் உயிர்த்த ஞாயிறுத் தாக்குதலுக்குப் பிறகு அந்த ஏப்ரல் மாதம் முடியும்வரை மறுபடியும் முடக்கம். 2022 ஏப்ரல் 3ஆம் திகதி, பொருளாதார நெருக்கடிப் போராட்டங்களின்போது, அரை நாளுக்கு மேல். இடையில் 2021 ஒக்டோபர் 4ஆம் திகதி யாரும் தடை போடவில்லை. அந்த நிறுவனத்தின் சொந்தக் கோளாறினாலேயே முகநூலும் வட்ஸ்அப்பும் உலகம் முழுவதும் ஏறத்தாழ ஆறு மணித்தியாலம் நின்றுபோயின. நாலு வருடங்களும் சில நாட்களும் கொண்ட காலத்துக்குள் குறைந்தது நாலு தரம். பிறந்தநாள் கேக்குக்கு ஓடர் எடுப்பவளுக்கும், பெருநாளுக்குச் சட்டை தைப்பவளுக்கும் அந்த நாட்களில் கடை பூட்டுத்தான். திறப்பு வேறு யாரிடமோ இருந்தது. சாதாரண இணையத்தளங்கள் அப்போதும் திறந்தே கிடந்தன.

முகநூலை விட்டுவிடுங்கள் என்று நான் சொல்லவில்லை. அது சந்தை. சனம் கூடுகிற இடத்தில் நின்று கூவி விற்கத்தான் வேண்டும். ஆனால் சந்தைக்கு வந்த ஆள் "உங்கட வீடு எங்க?" என்று கேட்டால் சொல்ல ஒரு முகவரி வேண்டும். வேலியும் படலையும் எங்களுடையதாக உள்ள ஒரு வளவு வேண்டும். இணையத்தளம் அந்த வளவு.

எங்கள் கரையோரத்து நிலைமையைப் பாருங்கள். பேசாலையிலும் தாழ்வுபாட்டிலும் வங்காலையிலும் கருவாடு போடுவதில் பெரும்பகுதி பெண்களின் கை. மீனைக் கீறி, உப்பிட்டு, வெயிலில் விரித்து, காகத்துக்கும் நாய்க்கும் காவல் இருந்து எடுக்கிறோம். பிறகு சாக்கில் கட்டிக் கொழும்புக்கு அனுப்புகிறோம். புறக்கோட்டையில் அது வெறும் 'மன்னார்க் கருவாடு'. யார் போட்டது, எந்த ஊர், எத்தனை நாள் காய்ந்தது என்று வாங்குபவருக்குத் தெரியாது. தன் கருவாட்டை யார் சாப்பிட்டார், நன்றாக இருந்ததா, இன்னொருமுறை கேட்டாரா என்று போட்டவளுக்கும் தெரியாது. இரண்டையும் அறிந்தவர் நடுவில் நிற்கும் முதலாளி ஒருவரே. விலை சொல்வதும் அவர்தான். முற்பணம் வாங்கியிருந்தால் வேறொருவருக்கு விற்கவும் முடியாது. முதலாளிமாரைக் குறை சொல்ல இதைச் சொல்லவில்லை. லொறி வைத்திருப்பவரும், மழையில் நனைந்த சரக்கின் நட்டத்தைத் தாங்குபவரும் அவர்தான். வாடிக்கையாளரின் பெயர் அவருடைய கொப்பியில் மட்டுமே இருக்கிறது என்பதுதான் என் கவலை. அவர் தொழிலை விட்டால், இருபது வருடம் கருவாடு போட்டவளும் முதல் நாளிலிருந்து தொடங்க வேண்டும்.

இது எங்கள் கடலுக்குப் பழைய கதை. மரிச்சுக்கட்டியில் 1906ஆம் ஆண்டு முத்துக்குளிப்பு நடந்தபோது அங்கே கடமை பார்த்தவர்களில் ஒருவர் லெனார்ட் வூல்ஃப், பின்னாளில் இங்கிலாந்தில் பெரிய எழுத்தாளராக அறியப்பட்டவர். குளிப்பவர்கள் எடுத்த சிப்பியில் மூன்றில் ஒரு பங்கு அவர்களுக்கு. மிச்சத்தைத் திறக்காமலே, ஆயிரம் ஆயிரமாக, மாலையில் ஏலம் விடுவார்கள். உள்ளே முத்து இருக்கிறதா, இருந்தால் என்ன விலை போகும் என்பதெல்லாம் தூரத்திலிருந்து வந்த வியாபாரிகளின் கணக்கு. மூச்சடக்கிக் கடலடியில் நின்றவனுக்கு அந்த முத்து எந்தக் கழுத்தில் கிடந்தது என்று தெரிய வழியே இருக்கவில்லை. இன்றைக்கு வழி இருக்கிறது. ரொறன்ரோவில் இருக்கும் எங்கள் வகுப்புத் தோழி ஒருத்தி, இரவு பதினொரு மணிக்கு, ஊர்க் கருவாடு நினைவு வந்து தொலைபேசியை எடுத்துத் தேடுகிறாள். அவள் தேடும்போது நாங்கள் அங்கே இருக்கிறோமா?

நீங்களே தேடிப் பாருங்கள். மன்னார் என்று போட்டால் கழுதைகள் வரும், பள்ளிமுனைப் பெருக்கமரம் வரும், கோட்டை வரும், காற்றாலைகள் வரும். மன்னார்க் கழுதைக்கு இணையத்தில் இருக்கிற பெயர் மன்னார்ப் பெண்ணின் கைவேலைக்கு இல்லை. (கழுதைகளோடு எனக்குக் கோபமில்லை.)

சரி, நல்ல இணையத்தளம் என்றால் என்ன? பளபளப்பும் ஆடும் படங்களும் அல்ல. ஒரே ஒரு பக்கம் போதும். என்ன விற்கிறீர்கள், எங்கே இருக்கிறீர்கள், எப்போது கிடைக்கும், எப்படி அனுப்புவீர்கள், எந்த இலக்கத்துக்கு அழைக்க வேண்டும். இந்த ஐந்தும் முதற் பார்வையிலேயே தெரிந்தால் அது நல்ல தளம். தொலைபேசி இலக்கத்தைத் தேடி மூன்று பக்கம் போக வேண்டியிருந்தால், எவ்வளவு பணம் கொட்டியிருந்தாலும் அது கூடாத தளம். படங்களைச் சிறிதாக்கிப் போடுங்கள். டேட்டா கார்ட் போட்டுப் பார்ப்பவர் உங்கள் பனையோலைப் பெட்டியின் படம் இறங்கும்வரை காத்திருக்க மாட்டார்.

எழுத்து விடயத்தில் கொஞ்சம் நிற்க விரும்புகிறேன். எங்களில் அநேகம் பேர் தமிழ் தட்டச்சுப் பழகியது பாமினியில். கல்யாணக் கார்டுக்கும் நினைவு மலருக்கும் அது போதும். இணையத்துக்கு உதவாது. பாமினியில் அடித்ததை அப்படியே ஏற்றினால், அந்த எழுத்துரு இல்லாதவரின் திரையில் ஆங்கில எழுத்தும் புள்ளியும் கலந்த கந்தலாகத் தெரியும். கூகுளுக்கும் அது கந்தல்தான். யார் தமிழில் தேடினாலும் அகப்படாது. யுனிகோட்டில் அடிக்க வேண்டும். அதேபோல, விலைப்பட்டியலைப் படமாகச் செய்து ஒட்டிவிட்டால் போதும் என்று நினைக்க வேண்டாம். படத்துக்குள் இருக்கும் எழுத்தை நம்பித் தேடலில் வர முடியாது. அழகான போஸ்டர் ஒன்றைவிட, சாதாரண எழுத்தில் "பேசாலை கட்டாக் கருவாடு" என்று ஒரு வரி கூடிய வேலை செய்யும்.

மொழி மூன்றும் வேண்டும். ஓகஸ்ட் 15 மடுத் திருவிழாவுக்கு வருகிறவர்களில் எத்தனை பேர் சிங்களம் பேசுகிறவர்கள் என்பது உங்களுக்குத் தெரியும். அவர்கள் தேடுவது கருவாடு என்ற சொல்லை அல்ல, 'கரவல' என்பதை. 2015இல் தலைமன்னாருக்கு ரயில் மறுபடியும் ஓடத் தொடங்கியதிலிருந்து வெளிநாட்டுப் பயணிகளுக்கும் வழி இலகு. வங்காலைப் பறவைகளைப் பார்க்க வருபவர் தங்க இடம் தேடுவது ஆங்கிலத்தில். வீட்டில் இரண்டு அறையை வாடகைக்கு விடும் தங்கைமார் இதைக் கவனியுங்கள். வெளிநாட்டில் வளர்ந்த எங்கள் பிள்ளைகளோ தமிழ்ச் சொல்லை ஆங்கில எழுத்தில் தட்டுகிறவர்கள். ஒவ்வொரு மொழியிலும் நாலு வரி போதும். ஆனால் அந்த நாலு வரியை அந்த மொழி தெரிந்த ஒருவரிடம் காட்டித் திருத்துங்கள். இயந்திர மொழிபெயர்ப்பை நம்பிப் போட்டால் சிரிப்பார்கள்.

அடுத்தது உண்மை. 2022 மார்ச் தொடக்கத்தில் டொலர் இருநூறு ரூபாவை அண்டி நின்றது; மே மாதத்துக்குள் முந்நூற்றைம்பதைத் தாண்டியது. அதற்கு முந்திய விலையை மாற்றாமல் விட்ட தளத்தைப் பார்த்து யாராவது ஓடர் தந்தால், ஒன்றில் நட்டம், இல்லாவிட்டால் சண்டை. விலைக்குப் பக்கத்தில் திகதி போடுங்கள். வாடைக் காலத்து மழையில் கருவாடு ஒழுங்காகக் காயாது என்பது எங்களுக்குத் தெரியும், லண்டனில் இருப்பவருக்குத் தெரியாது. "கார்த்திகை, மார்கழியில் கருவாடு இல்லை, தையில் கேளுங்கள்" என்று எழுதிவிடுங்கள். இல்லை என்று நேரே சொல்பவளிடம் சனம் திரும்பி வரும். பிரதேச செயலகத்தில் வியாபாரப் பெயரைப் பதிந்திருந்தால் அந்த இலக்கத்தைப் போடுங்கள். முகம் தெரியாதவருக்கு முதலில் பணம் அனுப்பச் சொல்கிறோமே, அவருக்குப் பிடித்துக்கொள்ள ஏதாவது வேண்டாமா?

இனி எல்லாவற்றிலும் முக்கியமானது: தளத்தின் பெயர் யாருடைய கையில்? உதவித்திட்டம் ஒன்றின் கீழ் எங்கள் மகளிர் குழுவுக்கும் ஒரு தளம் செய்து தந்தார்கள். நல்ல தளம். திட்டம் முடிந்தது, அலுவலகம் மூடப்பட்டது, அடுத்த வருடம் பெயரைப் புதுப்பிக்க ஆளில்லை. பெயர் அவர்களுடைய கணக்கில் பதியப்பட்டிருந்தது. கடவுச்சொல் யாரிடம் என்றே எவருக்கும் தெரியவில்லை. அட்டையிலும் பையிலும் அச்சடித்த முகவரி ஒன்றுக்கும் உதவாமல் போயிற்று. ஆகையால், தம்பி செய்து தந்தாலும் நிறுவனம் செய்து தந்தாலும், பெயர் உங்கள் பெயரில், உங்கள் மின்னஞ்சலில் பதியப்பட வேண்டும். காணி உறுதியை அடுத்த வீட்டுக்காரர் பெயரில் எழுதுவோமா? வருடாந்தம் புதுப்பிக்கும் திகதியைக் கலண்டரில் குறித்து வையுங்கள்.

பெயரைத் தமிழிலேயே வைக்கலாம் என்பது உங்களில் பலருக்குப் புதிதாக இருக்கலாம். 2010இல் எங்கள் நாட்டுக்கு '.இலங்கை' என்ற தமிழ் முகவரி வழங்கப்பட்டுவிட்டது. முழு முகவரியும் தமிழெழுத்தில் இருக்கலாம். எனக்கு அது மிகவும் பிடிக்கும். ஆனாலும் அதை மட்டும் நம்ப வேண்டாம். தமிழ் விசைப்பலகை இல்லாதவருக்காக ஆங்கில எழுத்திலும் ஒன்று எடுத்து, இரண்டையும் ஒரே பக்கத்துக்கு விடுங்கள்.

தளம் போட்ட அடுத்த நாள் ஓடர் கொட்டும் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். சில மாதம் ஒருவரும் வராமலே இருப்பார்கள். வீதியில் போகிறவருக்கு மட்டும் இடியப்பம் விற்பவளுக்குத் தளமே தேவையில்லை. கூகுள் வரைபடத்தில் கடையின் இடத்தையும் திறக்கும் நேரத்தையும் பதிந்தால் காணும், அதற்குக் காசும் இல்லை. தூரத்தில் இருப்பவருக்கு விற்கிறவளுக்குத்தான் நான் இவ்வளவும் சொன்னது.

மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு கணினி அறையில் இருப்பேன். தொடங்க விரும்புகிறவர்கள் வாருங்கள். தேசிய அடையாள அட்டை, வியாபாரப் பதிவு இருந்தால் அது, பகல் வெளிச்சத்தில் எடுத்த ஐந்து படங்கள் போதும். உங்கள் தொழிலைப் பற்றிய நாலு வரியைக் கடதாசியில் எழுதியே கொண்டு வாருங்கள். பாமினியில் அடித்துக்கொண்டு வர வேண்டாம்.