செக்கிழுத்த சிவாஜியும் செங்கோட்டைக் கடிதமும்



1961-ஆம் ஆண்டு தீபாவளிக்கு ‘கப்பலோட்டிய தமிழன்’ திரைக்கு வந்தது. பி. ஆர். பந்துலு தயாரித்து இயக்கிய படம். ம. பொ. சிவஞானம் எழுதிய வாழ்க்கை வரலாற்றை அடிப்படையாகக் கொண்டது. வ. உ. சிதம்பரனாராக சிவாஜி கணேசன், சுப்பிரமணிய சிவாவாக டி. கே. சண்முகம். இசை ஜி. ராமநாதன். இத்தனை பேர் இருந்தும் படம் வசூலில் தோற்றது. போட்ட பணம் பந்துலுவுக்குத் திரும்பவில்லை. ஆனால் வ.உ.சி. என்ற பெயரைக் கேட்டதும் இன்று தமிழர் மனக்கண்ணில் எழும் முகம் சிவாஜியின் முகம்தான். வ.உ.சி.யின் மகன் சுப்பிரமணியம் படத்தைப் பார்த்துவிட்டுத் தன் தந்தையையே நேரில் கண்டதுபோல் இருந்ததாகச் சொன்னார். எந்த விருதையும்விட அந்தச் சொல்லைத்தான் சிவாஜி பெரிதாக நினைத்தார்.

தென்காசிச் சீமைக்காரர்களான நமக்கு இந்தப் படத்தில் தனிப் பாத்தியதை உண்டு. பாரதியாக நடித்த எஸ். வி. சுப்பையா செங்கோட்டைக்காரர். நடுங்கும் குரலும் நிமிர்ந்த நெஞ்சுமாக அவர் வந்து நிற்கும்போது, ‘பாரதி இப்படித்தான் இருந்திருப்பார்’ என்று நம்பாமல் இருக்க முடியாது. அந்த பாரதியும் நமக்கு அயலார் இல்லை. தன் மனைவி செல்லம்மா பிறந்த கடையத்தில், 1918-இன் கடைசியிலிருந்து ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள் வாழ்ந்தவர். படத்தில் கே. பாலாஜி ஏற்ற பாத்திரமோ, கலெக்டர் ஆஷைச் சுட்டுக்கொன்ற செங்கோட்டை வாஞ்சிநாதன். படத்தின் கதை தூத்துக்குடிக் கடலைச் சார்ந்ததானாலும் அதன் வேர் ஒன்று நம் மலையடிவாரத்தில் இறங்கியிருக்கிறது.

வாஞ்சி வாழ்ந்த காலத்தில் செங்கோட்டை பிரிட்டிஷ் ஆட்சிக்குட்பட்ட ஊர் இல்லை. திருவிதாங்கூர் சமஸ்தானத்தைச் சேர்ந்தது. ஊருக்குள் நுழையும்போது சங்கு முத்திரையோடு நிற்கும் பழைய வளைவு அதற்கு இன்னும் சாட்சி. வாஞ்சி வேலை பார்த்ததும் மலைக்கு அந்தப் பக்கம், புனலூரில், சமஸ்தானத்தின் வனத்துறையில். செங்கோட்டை சென்னை மாநிலத்தோடு சேர்ந்தது 1956 நவம்பர் 1-ஆம் தேதி. அதற்கு ஐந்து ஆண்டு கழித்து வந்த படம் இது. தமிழகத்தோடு புதிதாக இணைந்த ஓர் ஊரின் பிள்ளை, தமிழ்நாட்டு வீரனாகத் திரையில் தோன்றினான். அன்றைக்கு அந்த ஊர்க்காரர்களுக்கு அது எவ்வளவு பெரிய பெருமையாக இருந்திருக்கும்!

படத்தில் யாரும் மறக்காத காட்சி, செக்கிழுக்கும் காட்சி. மாடு பூட்ட வேண்டிய இடத்தில் மனிதன். உடம்பில் கைதி உடை, வெறுங்கால், உச்சி வெயில். சிவாஜி அந்த இடத்தில் வசனத்தை நம்பவில்லை. தோளையும் மூச்சையும் நம்பினார். கனத்த வசனத்துக்குப் பெயர்போன நடிகர், மூச்சிரைப்பாலேயே ஒரு காட்சியைத் தாங்கி நிறுத்துகிறார். கோவைச் சிறையில் வ.உ.சி. உண்மையில் அனுபவித்த கொடுமை அது. இன்னொன்று, கண்ணூர்ச் சிறையிலிருந்து விடுதலையாகி வெளியே வரும் காட்சி. போகும்போது ஊரே திரண்டு வந்தது; வரும்போது வரவேற்கக் கூட்டம் இல்லை. தொழுநோயால் உருக்குலைந்து சிவா வந்து நிற்கிறார். நண்பனை அடையாளம் தெரியாமல் வ.உ.சி. திகைக்கிறார். தேசம் தன் தியாகிகளை எவ்வளவு சீக்கிரம் மறந்தது என்பதை இந்த அளவுக்கு உறைக்கச் சொன்ன காட்சி தமிழ் சினிமாவில் வேறு இருப்பதாக எனக்குத் தெரியவில்லை.

இன்று வ.உ.சி. எல்லோரும் மாலை போடும் தலைவர். அவர் காலத்தில் அப்படி இல்லை. 1906-இல் சுதேசி நாவாய்ச் சங்கத்தைத் தொடங்கி, வெள்ளையர் கம்பெனியோடு கட்டணப் போட்டியில் இறங்கியவர். 1908-இல் கோரல் மில் தொழிலாளர் வேலைநிறுத்தத்துக்குத் துணை நின்றவர். அவரையும் சிவாவையும் கைது செய்தபோது, மார்ச் 13-ஆம் தேதி திருநெல்வேலி பற்றி எரிந்தது. துப்பாக்கிச் சூட்டில் நான்கு பேர் இறந்தார்கள். நீதிபதி பின்ஹே அவருக்கு இரண்டு ஆயுள் தண்டனை விதித்தார், மொத்தம் நாற்பது ஆண்டு நாடு கடத்தல். மேல்முறையீட்டில்தான் அது குறைந்தது. அரசு அவரை ராஜத் துரோகி என்றது. காங்கிரஸ் மிதவாதிகள் அவர் வேகம் கூடுதல் என்று நினைத்தார்கள். அப்படிப்பட்ட ஒரு தலைவரைப் படமாக எடுக்கும்போதுதான் சிக்கல் வருகிறது. எதைக் காட்டுவது, எதை விடுவது?

சிறையில் பறிபோன வக்கீல் சன்னது வ.உ.சி.க்குத் திரும்பக் கிடைக்க வாலஸ் என்ற வெள்ளைக்கார நீதிபதி உதவினார். அந்த நன்றியில் தன் மகன் ஒருவனுக்கு வாலேஸ்வரன் என்று பெயர் வைத்தார் வ.உ.சி. ஆங்கிலேயரை எதிர்த்துக் கப்பல் விட்டவர், ஆங்கிலேயர் ஒருவரின் பெயரைத் தன் வீட்டுக்குள் கொண்டுவந்தார். பின்னாளில் பிராமணரல்லாதாருக்கு வகுப்புரிமை வேண்டும் என்ற கோரிக்கையை ஆதரித்தார். திருக்குறளுக்கு மணக்குடவர் எழுதிய உரையைப் பதிப்பித்தார். செக்கை மட்டும் தெரிந்துவைத்திருக்கும் ஒருவருக்கு இதெல்லாம் வேறு யாரோ ஒருவருடைய வாழ்க்கைபோலத் தோன்றும். எனக்கோ இந்த வாலேஸ்வரன் செய்தியைப் படித்த பிறகுதான் வ.உ.சி. மேல் மதிப்பு இன்னும் கூடியது. எதிரியின் அதிகாரத்தை வெறுத்தவர், எதிரி இனத்து மனிதன் ஒருவனின் நேர்மைக்குத் தலைவணங்கினார். அவர் பகை எப்படிப்பட்டது என்பதை இந்த ஒரு செய்தி சொல்லிவிடுகிறது.

இனி மாடசாமி. படத்தில் ஜெமினி கணேசன் மாடசாமியாக வருவார், சாவித்திரி கண்ணம்மாவாக. இருவருக்கும் காதல், பாரதியின் கண்ணம்மா பாட்டு ஒன்று டூயட் ஆகிறது. பாரதியின் பாடல்களை 1949-இல் அரசு நாட்டுடைமை ஆக்கியிருந்ததால் பந்துலுவால் அவற்றைத் தாராளமாகப் பயன்படுத்த முடிந்தது. காதில் தேன் பாய்கிற பாட்டுதான், மறுக்கவில்லை. ஆனால் உண்மையான ஒட்டப்பிடாரம் மாடசாமி, ஆஷ் கொலை வழக்கில் தேடப்பட்டு, கடைசிவரை போலீஸ் கையில் சிக்காமலே மறைந்துபோனவர். ஒரு மனிதனை அரசாங்கமே தேடிச் சலித்துப்போகிறது. அந்த வெற்றிடத்தில் சினிமா ஒரு காதலை வைத்து நிரப்பியது. ரசிகருக்காகச் செய்தது, புரிகிறது. ஆனாலும் அந்த ஓட்டம், அந்த ஒளிவு, அவர் போனபின் வீட்டில் இருந்தவர்கள் பட்ட பாடு, இவையல்லவா நெஞ்சை அறுக்கும் கதை?

வாஞ்சிக்கு வருவோம். 1911 ஜூன் 17. மணியாச்சி ரயில் சந்திப்பு. கலெக்டர் ஆஷ் மனைவியோடு கொடைக்கானலுக்குப் போகும் வழியில், முதல் வகுப்புப் பெட்டியில் உட்கார்ந்திருக்கிறார். இருபத்தைந்து வயது வாஞ்சி ஏறிச் சுடுகிறார். பிளாட்பாரத்தில் ஓடி, கழிப்பறைக்குள் புகுந்து, தன்னையும் சுட்டுக்கொள்கிறார். வ.உ.சி.யையும் அவர் கப்பல் கம்பெனியையும் நசுக்கியதில் ஆஷுக்குப் பெரும் பங்கு உண்டு. அதற்குப் பழிவாங்கிய வீரன் வாஞ்சி. படம் வழியாக நம் மனதில் பதிந்திருப்பது இதுதான். இதில் பொய் இல்லை. ஆனால் முழுமையும் இல்லை.

இறந்துகிடந்த வாஞ்சியின் சட்டைப்பையில் ஒரு கடிதம் இருந்தது. படத்தைப் பல தடவை பார்த்தவர்களில்கூட எத்தனை பேர் அந்தக் கடிதத்தை முழுதாக வாசித்திருப்பார்கள்? ஆங்கிலேய மிலேச்சர்கள் நம் தேசத்தைப் பிடித்துக்கொண்டு சனாதன தர்மத்தைக் காலால் மிதிக்கிறார்கள் என்று வாஞ்சி அதில் எழுதியிருந்தார். ராமன், கிருஷ்ணன், அர்ஜுனன், குரு கோவிந்தர் ஆண்ட நாட்டில், மாட்டிறைச்சி தின்னும் மன்னனுக்கு முடிசூட்டுவதா என்று கேட்டிருந்தார். ஐந்தாம் ஜார்ஜ் மன்னருக்கு லண்டனில் முடிசூட்டு விழா நடக்க இன்னும் ஐந்தே நாள் இருந்தது. கடிதத்தில் கப்பல் கம்பெனி இல்லை. வ.உ.சி. பெயரும் இல்லை.

இந்தக் கடிதத்தை என்ன செய்வது? ஒரு சாரார் இதைப் பேசுவதே தியாகிக்குச் செய்யும் அவமரியாதை என்கிறார்கள். இன்னொரு சாரார் இதை மட்டுமே தூக்கிப் பிடித்து, வாஞ்சி வெறும் சாதி வெறியர் என்று ஒரே வரியில் தீர்ப்பு எழுதுகிறார்கள். அத்தோடு நிற்காமல் ஒரு கதையும் உலவுகிறது. பிரசவ வலியில் துடித்த ஒரு தலித் பெண்ணை அக்கிரகாரத் தெரு வழியாக ஆஷ் கொண்டுபோனார், குற்றால அருவியில் எல்லாச் சாதியாரும் குளிக்கலாம் என்று உத்தரவு போட்டார், அந்தக் கோபத்தில்தான் கொலை நடந்தது என்று. ஆஷ் கொலையை ஆண்டுக்கணக்கில் ஆராய்ந்த ஆ. இரா. வேங்கடாசலபதி, இதற்கு ஆவண ஆதாரம் கிடையாது என்று எழுதியிருக்கிறார். ஆதாரம் இல்லாத கதையை நான் நம்பச் சொல்ல மாட்டேன். ஆனால் அது ஏன் இவ்வளவு வேகமாகப் பரவியது என்று யோசிக்காமல் தள்ளவும் மாட்டேன். தெருவில் நடக்கக்கூடாது என்று மனிதர்களை மறித்த காலம் ஒன்று இங்கே இருந்தது உண்மை. அந்தக் காயம் உள்ளவருக்கு இந்தக் கதை தன் கதைபோலப் படுகிறது.

என் எண்ணத்தை ஒளிக்காமல் சொல்கிறேன். வாஞ்சியின் உயிர்த்தியாகமும் மெய், கடிதமும் மெய். இருபத்தைந்து வயதில் ஒரு சாம்ராஜ்யத்தை எதிர்த்துச் சாகத் துணிந்தவரை நாம் போற்றுகிறோம். அவர் எந்த நம்பிக்கையோடு செத்தார் என்பதை அவரே கைப்பட எழுதி வைத்துவிட்டும் போனார். அதை மறைப்பதுதான் அவருக்குச் செய்யும் அவமரியாதை. எழுதியதை வாசிப்போம். அதில் நமக்கு ஒப்பாதது எது என்பதையும் நேருக்கு நேராகச் சொல்வோம். செங்கோட்டையில் அவருக்குச் சிலையும் மணிமண்டபமும் இருக்கின்றன. அந்த மண்டபத்துக்குப் பள்ளிக்கூடப் பிள்ளைகளைக் கூட்டிப்போகும் ஆசிரியர்கள், கடிதத்தையும் அவர்களோடு உட்கார்ந்து வாசிக்க வேண்டும். பிள்ளைகள் கேள்வி கேட்பார்கள். கேட்கட்டும்.

இந்தச் சங்கடம் தமிழ்நாட்டுக்கு மட்டும் உள்ளதல்ல. 1982-இல் ரிச்சர்ட் அட்டன்பரோ எடுத்த ‘காந்தி’ உலகெங்கும் ஓடியது. எட்டு ஆஸ்கர் விருது வாங்கியது. மூன்று மணி நேரத்துக்கும் மேலான அந்தப் படத்தில் அம்பேத்கர் ஒரு காட்சியில்கூட வரவில்லை. காந்தியை எதிர்த்து வாதாடி, அவரைப் பல இடங்களில் யோசிக்க வைத்த மனிதர் இல்லாமலே காந்தியின் கதை முடிந்துவிட்டது. ஜப்பார் படேல் இயக்கி மம்மூட்டி நடித்த அம்பேத்கர் படமோ தமிழ் பேசித் திரைக்கு வர 2010 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. மணிரத்னத்தின் ‘இருவர்’ தலைவர்களின் பெயர்களை மாற்றிக்கொண்டு வந்தது. ‘தலைவி’க்கு எதிராக ஜெயலலிதாவின் அண்ணன் மகள் நீதிமன்றப் படியேறினார். தலைவர் படம் என்றாலே ஒரு பக்கம் பக்தர்கள், இன்னொரு பக்கம் வாரிசுகள், நடுவில் முதலாளியின் பணம். இத்தனைக்கும் நடுவே ஒரு படம் ஓரளவு நேர்மையாக வந்தாலே பெரிய காரியம். அந்த வகையில் பந்துலு மேல் எனக்குக் குறையே இல்லை. பாடப்புத்தகத்தில் இரண்டு பத்தியாக இருந்தவரை ஊர் ஊராகக் கொண்டுபோய்ச் சேர்த்தவர் அவர். மீதிப் பக்கங்களைப் புரட்டுவது பின்னால் வந்த நம் வேலை.

அப்படிப் புரட்ட வேண்டிய பக்கம் ஒன்று தென்காசியிலேயே இருக்கிறது. ஆஷ் கொலை வழக்கில் குற்றம் சாட்டப்பட்ட 14 பேரில் முதல் எதிரி வாஞ்சி இல்லை, அவர்தான் இறந்துவிட்டாரே. முதல் எதிரி நீலகண்ட பிரம்மச்சாரி. சீர்காழிப் பக்கம் எருக்கூரில் பிறந்து, ஊர் ஊராகச் சுற்றி இளைஞர்களைத் திரட்டியவர். 1910-இல் தென்காசியில் ரகசியமாகக் கூடி, காளி படத்தின் முன் உறுதிமொழி எடுத்துக்கொண்டார்கள் என்று வழக்கில் சாட்சியம் வந்தது. அவருக்கு ஏழாண்டு சிறை. வெளியே வந்தபின் பொதுவுடைமைக் கருத்தில் ஈடுபட்டு மறுபடி சிறை. பிறகு துறவியாகி, ஓம்கார் சுவாமி என்ற பெயரோடு கர்நாடகத்து நந்தி மலையில் தங்கிவிட்டார். 1978-இல்தான் காலமானார். அதாவது, கொட்டகைகளில் பாலாஜி வாஞ்சியாகச் சுட்டுக்கொண்டிருந்தபோது, அந்த வழக்கின் முதல் எதிரி உயிரோடு இருந்தார். 

குண்டிலிருந்து பொதுவுடைமைக்கும், அங்கிருந்து துறவுக்கும் போன அந்த மனிதரைப் படமாக எடுக்கத் துணிகிறவர் யாராவது வருவார்கள் என்று நான் நம்புகிறேன். அப்படி எடுக்கிறவருக்கு வீரவசனம் தேவைப்படாது, காகிதங்கள் தேவைப்படும். செங்கோட்டை, தென்காசி, கடையம், ஆழ்வார்குறிச்சிப் பக்கத்துப் பழைய வீடுகளில் அந்தக் காலத்துக் கடிதங்கள், நோட்டீசுகள், புகைப்படங்கள் இன்னும் டிரங்குப் பெட்டிகளில் கிடக்கலாம். வீட்டை இடித்துக் கட்டும்போது அவற்றைப் பழைய பேப்பர் கடைக்குப் போட்டுவிடாதீர்கள். சென்னையில் தமிழ்நாடு ஆவணக் காப்பகம் இருக்கிறது, ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் இருக்கிறது. கொண்டுபோய்க் காட்டுங்கள், பிரதி எடுத்துக்கொண்டு மூலத்தை உங்களிடமே தரச் சொல்லியும் கேட்டுப் பார்க்கலாம்.