மருந்தும் சோர்வும்



திருவெறும்பூரில் 1965-இல் கொதிகலன் ஆலை எழுந்த பின்னர், அருகிலுள்ள துவாக்குடியில் இரும்புத் தகடுகளை வெட்டிப் பற்றவைக்கும் பட்டறைகள் பெருகின. அவற்றுள் ஒன்றில் பணியாற்றுபவன் நான்.

சில ஆண்டுகளுக்கு முன் மனநோய் என்னைப் பற்றியது. எவரும் பேசாதபோதும் குரல்கள் கேட்டன. மருத்துவர் தந்த மாத்திரையால் சில வாரங்களில் அவை ஓய்ந்தன. ஆனால் புதியதொரு தொல்லை தொடங்கிற்று. படுக்கையை விட்டு எழுந்தால் கண் இருளும், கால் தளரும், கைச்சுத்தியல் கனக்கும். பட்டறையில் என்னைச் சோம்பேறி என்றனர். நாணி, ஒருவரிடமும் கூறாது மருந்தை நிறுத்தினேன். உடல் இலேசாயிற்று, இரண்டாம் மாதம் குரல்கள் திரும்பின.

மீண்டும் சென்றபோது மருத்துவர் சினக்கவில்லை. "சோர்வு வந்ததை ஏன் சொல்லவில்லை?" என்றுதான் கேட்டார். பிறகு விளக்கினார். மூளையில் டோப்பமைன் என்னும் பொருளின் செயலை மாத்திரை தணிப்பதால் குரல்கள் அடங்குகின்றன. கைகால் அசைவுக்கும் அப்பொருளே வேண்டுமாதலால், உடலும் மந்தமாகிறது. இரத்தக் குழாய்கள் தளர்வதால், சட்டென எழும்போது இரத்த அழுத்தம் தாழ்ந்து தலை சுற்றுகிறது.

இது இன்று நேற்று அறிந்ததன்று. நம் நாட்டுச் சர்ப்பகந்தி வேர் மனநோயைத் தணிக்கும் என்று 1931-இல் கணநாத சேனும் கார்த்திக் சந்திர போசும் எழுதினர். 1952-இல் அவ்வேரிலிருந்து பிரித்தெடுத்த ரெசர்பினும் நோயைத் தணித்தது, சோர்வையும் தந்தது.

சோர்வு அனைத்தும் மருந்தால் வருவதன்று. நோயே சோர்வு தரும்; இரத்தச்சோகையும் தைராய்டுக் குறையும் தரும். ஆகவே முதலில் இரத்தத்தைச் சோதித்தார்கள். பின்னர் மருத்துவர் அளவைச் சிறிது குறைத்து, மாத்திரையை இரவுக்கு மாற்றினார். எழுமுன் கட்டில் ஓரத்தில் சற்று அமர்ந்திருக்கவும், மாலையில் நடக்கவும் சொன்னார். தலைசுற்றல் நீங்கும்வரை ஏணியும் வெட்டுப்பொறியும் கூடாதென்றார். அதுவரை பட்டறைக் கணக்கெழுதினேன். மூன்று மாதத்தில் சுத்தியல் மீண்டும் கைக்கு வந்தது. சோர்வு முற்றும் அகலவில்லை. ஆயினும் அதனோடு வாழக் கற்றேன்.

ஒன்றை மறவாதீர்கள். மருந்துண்பவர்க்குக் கடுங்காய்ச்சலும் உடல் விறைப்பும் மனக்குழப்பமும் சேர்ந்து வந்தால், சிறிதும் தாமதியாது மருத்துவமனைக்குக் கொண்டு செல்லுங்கள்.

வகுப்பில் உங்கள் அருகே ஒருவர் தலை சாய்ந்திருக்கக் கூடும். அவரைச் சோம்பேறி என்று இகழாதீர்கள், "உடம்புக்கு என்ன?" என்று கேளுங்கள். அந்த ஒரு கேள்வி எனக்கு முன்னமே கிடைத்திருந்தால், நான் மருந்தை நிறுத்தியிருக்கமாட்டேன்.