தைல மரமும் தச்சு வேலையும்

பெங்களூரு ஒக்கலிபுரத்தில் மாடி கட்டும் வீடுகளில், தளத்துக்கு அடியில் முட்டுக் கம்புகள் வரிசையாக நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். அவற்றில் பல தைல மரம், அதாவது யூகலிப்டஸ். ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த இந்த மரத்தை 1790 வாக்கில் திப்பு சுல்தான் நந்தி மலையில் நடச் செய்தார் என்பார்கள். பிற்காலத்தில் கோலார், சிக்கபள்ளாபூர் மானாவாரி நிலங்களிலெல்லாம் பரவியது.

கம்பு, விறகு, காகிதக் கூழ் ஆகியவற்றுக்குத்தான் இது லாயக்கு என்று நினைக்கிறோம். கதவு நிலை செய்யலாமா என்று ஆசாரியிடம் கேட்டால், "வெடிச்சிடும்" என்பார். அவர் சொல்வது சரிதான். ஆனால் அது வலுவில்லாததால் வரும் வெடிப்பு அல்ல. உலர்ந்த தேக்கு கன மீட்டருக்கு 650 கிலோ அளவில் இருக்கும். ஆஸ்திரேலியக் காடுகளில் முதிர்ந்த தைல மரமோ 1,000 கிலோவை ஒட்டி வரும். இங்கே இளசாக வெட்டுவதால் கனம் குறைவு.

வெடிப்புக்குக் காரணம் வேறு. நிற்கும் மரத்தில் வெளிப்பகுதி நீளவாக்கில் இழுபட்டிருக்கும், நடுப்பகுதி அமுங்கியிருக்கும். நாணேற்றிய வில் மாதிரிதான். வெட்டியதும் அந்த விசை விடுபட்டு, அடிமுனையில் நடுவிலிருந்து நாலாபுறமும் கீறல் ஓடும். வெயிலில் போட்டால் கீறல் பிளவாகிவிடும்.

இதற்கு வழி உண்டு. வெட்டிய உடனே இரு முனைகளிலும் மெழுகோ பெயின்டோ பூச வேண்டும். அறுக்கும்போது ஒரே பக்கமாக அறுக்காமல் இரு பக்கமும் மாற்றி மாற்றி அறுக்க வேண்டும். பலகைகளுக்கு இடையே ஒரே தடிமனுள்ள ரீப்பர்களை வைத்து, மேலே பாரம் ஏற்றி, நிழலில் மாதக்கணக்கில் காயவிட வேண்டும். வெளிப்புற வெள்ளைப் பகுதியை வண்டு துளைக்கும். அதற்கு போராக்ஸ், போரிக் அமிலக் கரைசல் போதும். பக்கத்து மல்லேசுவரத்தில், 1938இல் மைசூர் சமஸ்தானத்து ஆய்வுக்கூடமாகத் தொடங்கிய மர அறிவியல் தொழில்நுட்ப நிறுவனம் இத்தகைய ஆய்வுகளைச் செய்துவருகிறது. பக்குவமாகக் காய்ந்த பலகையில் நிலை, ஜன்னல், மேசை, நாற்காலி எல்லாம் செய்யலாம்.

நிலத்தடி நீர் வற்றுகிறது என்ற கவலையால், 2017இல் கர்நாடக அரசு புதிதாகத் தைல மரம் நடுவதைத் தடை செய்தது. அது தேவையான முடிவு என்றே நான் கருதுகிறேன். ஆனால் ஏற்கெனவே நம் தண்ணீரைக் குடித்து வளர்ந்த மரத்தை அடுப்பில் வைத்து ஒரே நாளில் சாம்பலாக்குவது இரட்டை நஷ்டம். மர மில்லுக்குப் போகும்போது விலையோடு இன்னும் இரண்டு கேள்வி கேளுங்கள்: எத்தனை வயது மரம், எத்தனை மாதம் காய்ந்தது? வாங்குபவர் கேட்கத் தொடங்கினால்தான் விற்பவர் பொறுமையாகக் காயவைப்பார்.