நம்மிடம் இருப்பவை பதில்கள் மட்டுமே



அமரரான எந்த ஆசிரியரின் நினைவாகத் திகனயில் இந்த அறக்கட்டளை நிறுவப்பட்டதோ, அவரிடம் படித்தவர்கள் இங்கே பலர் இருக்கிறீர்கள். ஜப்பானில் அவருக்கு ஒரு பேனா நண்பர் இருந்தார் என்பதும் உங்களுக்குத் தெரியும். அந்த நண்பரின் கடிதங்களில் வந்த முத்திரைகளை வகுப்பில் காட்டாமல் அவர் விட்டதில்லை. சர்வதேசக் கடித வாரத்துக்கென்று ஜப்பான் 1958 முதல் முத்திரை வெளியிட்டு வருகிறது. ஹிரோஷிகே வரைந்த பழைய சாலைக் காட்சிகள் அவற்றில் வரும். அந்தக் கடிதங்களைக் குடும்பத்தார் எனக்குப் படிக்கத் தந்தார்கள்.

ஜப்பானோடு நம் உறவு நட்பில் தொடங்கவில்லை. 1942 ஏப்ரல் 5ஆம் திகதி கொழும்பிலும் 9ஆம் திகதி திருகோணமலையிலும் ஜப்பானிய விமானங்கள் குண்டு போட்டன. 1944இல் மவுண்ட்பேட்டன் பிரபு தம் தென்கிழக்காசியத் தலைமையகத்தைப் பேராதனைப் பூங்காவுக்குக் கொண்டுவந்தார். ஜப்பானுக்கு எதிரான போருக்கு நம் கண்டியிலிருந்துதான் கட்டளைகள் போயின. 1951 செப்டெம்பரில் சான் பிரான்சிஸ்கோ மாநாட்டில், இலங்கை நட்டஈடு கேட்காது என்று ஜே. ஆர். ஜயவர்தன அறிவித்தார். அடுத்த ஆண்டே இராஜதந்திர உறவு ஏற்பட்டது. அதையெல்லாம் அரசாங்கங்கள் பார்த்துக்கொண்டன. ஓர் ஊர் இன்னோர் ஊரைத் தெரிந்துகொள்வது அதனால் மட்டும் நடந்துவிடாது. அதற்கு யாராவது ஒருவர் உட்கார்ந்து எழுத வேண்டும்.

நம் ஆசிரியர் எழுதினார். விக்டோரியா அணை 1985 ஏப்ரலில் திறக்கப்பட்டது. பழைய தெல்தெனிய நகரம் தண்ணீருக்குள் போனது. அதைப் பற்றி அவர் எழுதியிருக்க வேண்டும். ஏனென்றால் அதே ஆண்டு வந்த நீல நிற ஏரோகிராமில், மடிப்பு ஓரம்வரை நெருக்கி எழுதிய பொடி எழுத்தில், கேள்விமேல் கேள்வி இருக்கிறது: கோயிலை எங்கே மாற்றினார்கள்? மையவாடிகள் என்னவாயின? பழைய அயலவர்கள் புதிய ஊரிலும் அயலவர்களாகத்தான் இருக்கிறார்களா? இவ்வளவும் கேட்க அந்த நண்பருக்குக் காரணம் இருந்தது. டோக்கியோவின் குடிநீருக்காகக் கட்டி 1957இல் முடித்த ஒகோச்சி அணை, அவர் பகுதியில் ஒரு கிராமத்தையே மூழ்கடித்திருந்தது. நீர்மட்டம் இறங்கும் காலத்தில் பழைய தெல்தெனியவின் சுவர்கள் வெளியே தெரிவதை நாம் வேடிக்கை பார்க்கப் போகிறோம். மையவாடியைப் பற்றி நம்மில் எத்தனை பேர் விசாரித்தோம்?

இன்னொரு கடிதம் 2018இல் வந்தது. அந்த மார்ச்சில் இங்கே என்ன நடந்தது என்பதை இந்த மண்டபத்தில் நான் விவரிக்கத் தேவையில்லை. கடைகளும் பள்ளிவாசல்களும் எரிந்த செய்தி ஜப்பான்வரை போயிருந்தது. நீங்கள் கொப்பி வாங்கும் கடைக்காரர் சுகமாக இருக்கிறாரா என்று அவர் கேட்கிறார். திகனயை ஒருநாளும் பார்க்காத மனிதர் அவர். அந்த முஸ்லிம் கடைக்காரரைப் பற்றி எப்போதோ ஆசிரியர் எழுதியதை மனத்தில் வைத்திருந்திருக்கிறார். கலாசாரப் பரிமாற்றம் என்றால் நடனக்குழுவும் கண்காட்சியும்தான் நினைவுக்கு வருகின்றன. அவையும் வேண்டும். ஆனால் என்னை அசைத்தது இந்த ஒரு வரி.

இப்படி ஒருவர் வாழ்க்கையை மற்றவர் அறிந்துகொள்வதைப் பெரிய அளவில் செய்தவர்களும் உண்டு. கக்குஷுயின் பல்கலைக்கழகத்துப் பேராசிரியர் சுசுமு ஓனோ, பழைய ஜப்பானிய மொழிக்கு அகராதி செய்தவர். அறுபது வயதை ஒட்டித் தமிழின் பக்கம் திரும்பினார். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகப் பேராசிரியர் அ. சண்முகதாஸும் அவர் துணைவியார் மனோன்மணி சண்முகதாஸும் ஜப்பான் சென்று அவரோடு ஆய்வு செய்தார்கள். ஜப்பானியத்துக்கும் தமிழுக்கும் உறவு உண்டு என்ற ஓனோவின் முடிவைப் பெரும்பாலான மொழியியலாளர்கள் ஏற்கவில்லை. அதை மறைத்துப் பெருமை பேசுவது அவருக்கே மரியாதையாகாது. ஆனால் ஜனவரி 15இல் ஜப்பானியர் கொண்டாடும் சிறு புத்தாண்டில் செம்பயறு சேர்த்த கஞ்சி காய்ச்சுவதையும், காகத்தை அழைத்து உணவிடுவதையும் நம் பொங்கலின் பக்கத்தில் வைத்துப் பார்க்க அவருக்குத் தோன்றியதே, அது எத்தனை அன்பான பார்வை! சுமார் 4,500 பாடல்கள் கொண்ட மன்யோஷு தொகுப்பைச் சங்க அகப்பாடல்களோடு ஒப்பிட்டு மனோன்மணி அம்மையார் செய்த வேலை, அந்தக் கோட்பாடு நின்றாலும் விழுந்தாலும் தமிழுக்குக் கிடைத்த செல்வம்.

மீண்டும் நம் ஆசிரியரிடம் வருகிறேன். குடும்பத்தார் பாதுகாத்து வைத்திருப்பவை அனைத்தும் ஜப்பானிலிருந்து வந்த பதில்கள். திகனயைப் பற்றி, நம்மைப் பற்றி, நம் ஆசிரியர் தம் கைப்பட எழுதியவை கடலுக்கு அப்பால் ஒரு வீட்டில் இருக்கின்றன. நம் ஊரின் நாற்பது ஆண்டு வாழ்க்கையை அப்படி எழுதி வைத்தவர் இங்கே வேறு யாரும் இருப்பதாக எனக்குத் தெரியவில்லை.

ஆகவே அறக்கட்டளையினரிடம் ஒரு விண்ணப்பம். அனுப்புநர் முகவரி உறைகளின் பின்புறத்தில் தெளிவாக இருக்கிறது. அந்த நண்பருக்கு, அவர் இல்லையென்றால் அவர் பிள்ளைகளுக்கு, இந்த மாதமே எழுதுவோம். நம்மிடம் இருக்கும் பதில்களின் பிரதிகளை அனுப்பி, அவர்களிடம் உள்ள கடிதங்களின் பிரதிகளைக் கேட்போம். மேல்வகுப்பு மாணவர் இருவர் அந்தக் கடிதத்தைக் கையால் எழுதட்டும். தபால் செலவை நான் ஏற்றுக்கொள்கிறேன்.