திருப்புளியும் காந்தமும்
(வானொலி மறையுரை)



பல வீடுகளின் பின்புறத்தில் ஒரு பழைய கார் நிற்கிறது. ஒரு காலத்தில் அப்பாவோ தாத்தாவோ ஓட்டியது. இன்று டயர்கள் மண்ணில் புதைந்து, கதவின் அடித்தகரம் அப்பளம்போல் நொறுங்குகிறது. இதைச் செப்பனிடுவதா, காயலான் கடைக்குப் போடுவதா? கேட்பதற்குச் சின்னக் கேள்விதான். ஆனால் இதற்காகவே பேச்சு நின்றுபோன அண்ணன் தம்பியை எனக்குத் தெரியும்.

அவர்களுடைய அப்பா விட்டுச்சென்றது ஒரு ஸ்டாண்டர்டு ஹெரால்டு. பிரிட்டனின் டிரையம்ஃப் ஹெரால்டு காரை 1961 முதல் 1971 வரை சென்னையில் இந்தப் பெயரில் தயாரித்தார்கள். வீடு கடற்கரையை ஒட்டியது. உப்புக் காற்றில் வண்டி ஆண்டுக்கணக்காக நின்றது. அண்ணனுக்கு அது இடத்தை அடைக்கும் குப்பை. தம்பிக்கோ அது அப்பாவே நிற்பது மாதிரி. "பொதுப் பணத்தில் எடுத்துச் சரிசெய்வோம்" என்றார் தம்பி. "அது அம்மாவின் வைத்தியத்துக்கு வைத்த பணம்" என்றார் அண்ணன். வார்த்தை தடித்தது. இவ்வளவு சண்டையிலும் இரண்டு பேரில் ஒருவர்கூட அந்தக் காரின் அடியில் குனிந்து பார்க்கவில்லை.

அன்பானவர்களே, முதலில் குனிந்து பார்க்க வேண்டும். இரும்பும் நீரும் காற்றும் சேர்ந்தால் துரு. உப்பு அதை வேகப்படுத்தும். துரு, தான் தின்ற இரும்பைவிட அதிக இடத்தை அடைத்துக்கொள்ளும். அதனால்தான் பெயிண்ட் கொப்புளமாக எழும்புகிறது. கொப்புளம் வெளியே தெரியும்போது, தகரத்தின் உட்பக்கம் பெரும்பாலும் முன்பே அரித்துப்போயிருக்கும்.

இதைக் கண்டுபிடிக்கப் பெரிய கருவி வேண்டாம். ஒரு காந்தம், ஒரு திருப்புளி போதும். காந்தத்தை மெல்லிய துணியில் சுற்றிக் கதவிலும் மட்கார்டிலும் வைத்துப் பாருங்கள். ஒட்டாத இடத்தில் இரும்பு இல்லை. யாரோ பட்டி பூசி மறைத்திருக்கிறார்கள். பிறகு அடியில் போய்த் திருப்புளியின் முனையால் சேஸிஸைக் குத்திப் பாருங்கள். 'டங்' என்று ஓசை வந்தால் நல்லது. பொதபொதவென்று உள்ளே இறங்கினால் அந்த இடம் போய்விட்டது.

எந்த இடம் போயிருக்கிறது என்பதுதான் முக்கியம். ஹெரால்டுக்குத் தனி சேஸிஸ் உண்டு. பாடி அதன்மேல் போல்ட் போட்டுப் பூட்டப்பட்டது. கதவும் மட்கார்டும் துருப்பிடித்தால் அது தோலில் வந்த நோய். மாற்றிக்கொள்ளலாம். சேஸிஸின் நடுச்சட்டமே போயிருந்தால் அது எலும்பில் வந்த நோய். அம்பாசிடர், பிரீமியர் பத்மினி போன்ற வண்டிகளில் இப்படித் தனி சேஸிஸ் இல்லை. அங்கே தரைத்தகரமும் கதவுக்குக் கீழே ஓடும் பெட்டிச்சட்டமும்தான் எலும்பு. பளபளக்கும் அம்பாசிடர் உள்ளே செத்திருக்கலாம். பார்க்கச் சகிக்காத ஹெரால்டு பிழைக்கலாம்.

அடுத்தது கணக்கு. கோபுரம் கட்டப் புறப்பட்டவரைப் பற்றி ஆண்டவர் சொன்னது நமக்குத் தெரியும். கல் சுமப்பதற்கு முன்னே உட்கார்ந்து கணக்குப் பார்க்க வேண்டும். இத்தகைய வண்டிகளில் பெரும்பாலும் செப்பனிடும் செலவு, வண்டியின் விற்பனை விலையைத் தாண்டிவிடும். லாபத்துக்காக என்றால் இந்த வேலையைத் தொடாதீர்கள். பிரித்துப் போட்ட பிறகுதான் பாதிச் சேதமே தெரியவரும். அதற்கும் பணம் ஒதுக்குங்கள். ஹெரால்டுக்கான சில உதிரிபாகங்கள் பிரிட்டனில் இன்றும் கிடைக்கின்றன. ஆனால் அனுப்பும் செலவும் சுங்கவரியும் சேரும். வேலைக்கும் ஒரு வரிசை உண்டு. முதலில் சேஸிஸ், பிரேக், பிறகு டிங்கர் வேலை, இன்ஜின், கடைசியில்தான் பெயிண்ட். பெயிண்டில் ஆரம்பித்தவர்கள் பலர் பாதியில் நின்றுபோனார்கள்.

காகிதத்தையும் பாருங்கள். ஆர்.சி. புத்தகத்தில் உள்ள சேஸிஸ் எண், வண்டியில் உள்ள எண்ணோடு ஒத்துப்போக வேண்டும். 50 ஆண்டு கடந்த வண்டிகளை விண்டேஜ் வாகனமாகப் பதிவுசெய்ய 2021-இல் மத்திய அரசு தனி விதி கொண்டுவந்தது. ஆனால் வண்டி மூல வடிவத்தில் இருக்க வேண்டும்; சேஸிஸ், பாடி, இன்ஜின் ஆகியவற்றை மாற்றியமைத்திருக்கக் கூடாது. அப்படிப் பதிவான வண்டியை அன்றாடப் பயணத்துக்கு ஓட்டவும் முடியாது. வெட்டி ஒட்டும் முன் இதை விசாரித்துக்கொள்வது நல்லது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். எலும்பு போன வண்டிக்குப் பட்டி பூசி, பெயிண்ட் அடித்து, விவரம் தெரியாதவர் தலையில் கட்டுவது வியாபாரத் திறமை என்று சிலர் நினைக்கிறார்கள். நாளை அந்த வண்டியில் ஒரு குடும்பம் ஏறும். பிரேக் குழாய் அறுந்தாலோ சட்டம் முறிந்தாலோ யார் பொறுப்பு? மறைத்து விற்பது பொய். அந்தப் பொய் ஓர் உயிரையே வாங்கிவிடலாம்.

அந்த அண்ணன் தம்பிக்கு வருகிறேன். ஒருநாள் வயதான மெக்கானிக் ஒருவரை அழைத்து வந்தார்கள். அவர் வண்டியைத் தூக்கி நிறுத்தி, அங்குலம் அங்குலமாகக் குத்திப் பார்த்தார். பாடியைத் தாங்கும் பக்கக் கைகள் முழுவதும் போயிருந்தன. நடுச்சட்டம் திடமாக இருந்தது. "செய்யலாம். ஆனா பொறுமையும் பணமும் வேணும்" என்றார். அவ்வளவுதான். 'குப்பை' என்ற அண்ணனும் தணிந்தார். 'நாளைக்கே' என்ற தம்பியும் தணிந்தார். அம்மாவின் பணத்தைத் தொடுவதில்லை என்று முடிவானது. தம்பி தன் சம்பளத்தில் மாதாமாதம் சேர்த்துச் செய்வார். அண்ணன் ஒரு கொட்டகை போட்டுக் கொடுத்தார். இரண்டு ஆண்டுக்குள் சேஸிஸ் வேலை முடியவில்லை என்றால், உள்ளதை உள்ளபடி சொல்லி, செய்யக்கூடிய ஒருவருக்குக் கொடுத்துவிட வேண்டும். வண்டி இன்னும் ஓடவில்லை. ஆனால் அண்ணனும் தம்பியும் பேசிக்கொள்கிறார்கள்.

அவர்களுடைய நடுச்சட்டம் போயிருந்தால்? கொடுத்துவிடத்தான் வேண்டியிருக்கும். ஸ்டியரிங் சக்கரத்தையோ முன்பக்க எழுத்தையோ கழற்றி வீட்டில் வைத்துக்கொள்ளலாம். மற்ற பாகங்கள் இன்னொரு ஹெரால்டை ஓட வைக்கும். இறந்தவர் மீதுள்ள அன்புக்கு அதனால் எந்தக் குறையும் வராது. பார்க்காமலும் முடிவெடுக்காமலும் மழையில் விட்டுவிட்டு, 'அப்பா ஞாபகம்' என்று சொல்லிக்கொண்டிருப்பதுதான் குறை. நாம் தள்ளிப்போடும் ஒவ்வொரு மழைக்காலத்திலும் நமக்குப் பதிலாகத் துரு முடிவெடுக்கிறது.

உங்கள் வீட்டிலும் அப்படி ஒரு வண்டி நின்றால், வரும் ஞாயிறு பிற்பகல் குடும்பமாக அதன் அருகே போங்கள். கையில் ஒரு காந்தமும் திருப்புளியும் இருக்கட்டும். வாதத்தை அதற்குப் பிறகு வைத்துக்கொள்ளலாம்.

இறைவன் உங்கள் இல்லங்களை ஆசீர்வதிப்பாராக.