உடுப்பும் நாவும்: ஸ்காட்லாந்தின் கேலிக் மரபைத் தேடுவோர்

நெசவுக் குடும்பத்தில் பிறந்து மொழியாசிரியராக வாழ்ந்த ஒருவரின் நினைவில் அமைந்தது இந்தச் சொற்பொழிவை நடத்தும் அறக்கட்டளை. ஆகவே, துணியும் மொழியும் சேர்ந்தே அடிபட்டு, பிறகு வெவ்வேறு கதியை அடைந்த ஒரு மக்களைப் பற்றிப் பேச எண்ணினேன். ஸ்காட்லாந்தின் ஹைலாந்து எனும் மலைநாட்டிலும் மேற்குத் தீவுகளிலும் கேலிக் பேசி வாழ்ந்த கெல்டிய மக்கள் அவர்கள்.

அவர்களின் வழித்தோன்றல்கள் இன்று கனடாவிலும் அமெரிக்காவிலும் ஆஸ்திரேலியாவிலும் பரவியிருக்கிறார்கள். வேரைத் தேடத் தொடங்கும்போது பெரும்பாலோர் முதலில் வாங்குவது கில்ட் எனும் கட்டம்போட்ட இடுப்பாடை. சிலர் அடுத்ததாக மொழி கற்க உட்காருகிறார்கள். உடுத்துவதும் கற்பதும் ஒரே பயணத்தின் இரண்டு படிகள் என்றே நமக்குத் தோன்றும். வரலாறு அவ்வாறு சொல்லவில்லை.

1746 ஏப்ரல் 16 அன்று குலோடன் களத்தில், அரியணையை மீட்க ஹைலாந்து மக்கள் பலரின் துணையோடு ஸ்டூவர்ட் வம்சம் நடத்திய கடைசி எழுச்சி வீழ்ந்தது. அதே ஆண்டு பிரிட்டிஷ் நாடாளுமன்றம் ஹைலாந்து ஆடைக்குத் தடை விதித்தது. ஆணோ சிறுவனோ கில்ட் உடுத்தினால் ஆறு மாதச் சிறை. மறுமுறை பிடிபட்டால் ஏழாண்டு நாடுகடத்தல். டங்கன் பான் மெக்கின்டயர் என்ற எழுத்தறியாப் பெரும்புலவர் எழுச்சிக்கு எதிராக, அரசின் பக்கம் நின்று போரிட்டவர். அவரையும் அவர் போன்றோரையும் அந்தச் சட்டம் விட்டுவைக்கவில்லை. காற்சட்டை மாட்டிக்கொள்ள நேர்ந்த அவமானத்தை அவர் கேலிக்கில் பாடலாக்கினார்.

சட்டத்தில் ஒரு விலக்கு இருந்தது. அரசின் படையில் சேர்ந்தவர் கில்ட் உடுத்தலாம். இந்த இடத்தில் கதை நம் மண்ணைத் தொடுகிறது. 1780 செப்டம்பரில் காஞ்சிபுரத்தை அடுத்த புள்ளலூரில் ஹைதர் அலியின் படை கிழக்கிந்தியக் கம்பெனியின் கர்னல் பெய்லி தலைமையிலான படையை அழித்தது. அங்கே மடிந்தவர்களிலும் சிறைப்பட்டவர்களிலும் மெக்லியோட் ஹைலாந்துப் படைப்பிரிவினரும் உண்டு. 1782-இல் ஆடைத் தடை நீங்கியபோது, பிழைத்தவர்கள் ஸ்ரீரங்கப்பட்டணத்துச் சிறையில் கிடந்தார்கள். ஊரில் உடுத்தினால் குற்றமான ஆடை, பேரரசுக்காக உயிர்விடப் போகிறவனுக்கு மட்டும் அனுமதிக்கப்பட்டிருந்தது.

தடை நீங்கிய பிறகு நடந்ததுதான் எனக்கு மிகவும் வலிக்கும் பகுதி. 1822-இல் நான்காம் ஜார்ஜ் மன்னர் எடின்பரோவுக்கு வந்தார். வரவேற்பை வடிவமைத்தவர் நாவலாசிரியர் வால்டர் ஸ்காட். மன்னரே கில்ட் அணிந்து நின்றார். நகரத்துப் பெருமக்களும் அணிந்தார்கள். அதற்கு முந்தைய பத்தாண்டில்தான் சதர்லாந்துப் பகுதியில் ஆயிரக்கணக்கான கேலிக் குடும்பங்கள் ஆட்டுப் பண்ணைகளுக்காக நிலத்திலிருந்து விரட்டப்பட்டிருந்தன. ஆடை அரண்மனைக்குள் போன காலத்தில் அதை உடுத்தியிருந்த மக்கள் கப்பலேறிக்கொண்டிருந்தார்கள். பிறகு 1842-இல், அந்த எழுச்சியை நடத்திய ஸ்டூவர்ட் இளவரசரின் பேரர்கள் என்று சொல்லிக்கொண்ட இரு சகோதரர்கள், பழஞ்சுவடியிலிருந்து எடுத்ததாகக் கூறி ஒரு நூலை வெளியிட்டார்கள். எந்தக் குலத்துக்கு எந்தக் கட்டம் என்று அது சொன்னது. சுவடி போலி. ஆயினும் அந்த நூலின் கட்டங்கள் பல இன்றும் கடைகளில் குலப்பெயரோடு விற்கின்றன.

இதைச் சொல்லி கில்ட் உடுத்துவோரைச் சிறுமைப்படுத்துவது என் நோக்கமன்று. தடைசெய்யப்பட்டதை உடுத்தும் உரிமை அவர்களுக்கு முழுமையாக உண்டு. கட்டம் பழையதா புதியதா என்பது அவ்வளவு பெரிய விஷயமும் அல்ல. ஆடை அதிகாரத்துக்குப் பிடித்துப்போனது, அதனால் பிழைத்தது. மொழியை அதிகாரம் விரும்பவே இல்லை. 1872-இன் கல்விச் சட்டம் பள்ளியைக் கட்டாயமாக்கியது. கேலிக் மொழிக்கு அதில் ஒரு வரி இடமில்லை. வகுப்பில் தாய்மொழி பேசிய பிள்ளைகள் அடி வாங்கினார்கள். 1891 கணக்கெடுப்பில் ஸ்காட்லாந்தில் கேலிக் பேசியவர்கள் இரண்டரை லட்சத்துக்கும் மேல். 2011-இல் 58,000-க்கும் குறைவு. 2022-இல், பேசாமல் புரிந்துகொள்வோரையும் சேர்த்து, ஓரளவேனும் கேலிக் அறிந்தவர்கள் 1,30,000 பேர் என்ற செய்தி மகிழ்ச்சி தருவதுதான். பெரும்பாலும் புதிதாகக் கற்போரால் வந்த உயர்வு அது. அதே காலத்தில், மொழி வீட்டில் புழங்கும் மேற்குத் தீவுகளில் அறிந்தோர் விகிதம் இறங்கியிருக்கிறது. தீவுகளில் பேச ஆள் இல்லாமல் போனால், கைபேசிச் செயலியில் கற்றவர் யாரிடம் போய்ப் பேசுவார்?

துணியும் மொழியும் உண்மையில் சந்தித்த இடம் ஒன்று உண்டு. மேற்குத் தீவுகளில் அந்நாளில் தறியிலிருந்து இறங்கிய கம்பளித் துணியை, புளித்த சிறுநீரில் ஊறவைத்து, நீளப் பலகையின் இருபுறமும் பெண்கள் அமர்ந்து அடித்து அடித்துக் கைமாற்றுவார்கள். துணி சுருங்கி இறுகும். காற்றும் மழையும் நுழையாது. ஒருத்தி அடி எடுத்துப் பாட, மற்றவர்கள் பல்லவி வாங்குவார்கள். நம் நடவுப் பாட்டையும் ஏற்றப் பாட்டையும் போலத் தாளம் வேலையிலிருந்தே பிறக்கும். எழுத்தில் ஏறாத நூற்றாண்டுகளின் சொல்வளம் அந்தப் பலகையைச் சுற்றித்தான் நிலைத்தது.

மார்கரெட் ஃபே ஷா என்ற அமெரிக்கப் பெண் இந்தப் பாடல்களைத் தேடிப் போனவர். பென்சில்வேனியாவில் பிறந்தவர், ஸ்காட்லாந்து வழிவந்த குடும்பம். பதினாறு வயதில் ஸ்காட்லாந்துப் பள்ளியில் படிக்கையில், மேடைக்காக மெருகேற்றிய மேற்குத் தீவுப் பாடல்களைக் கேட்டார். அவற்றின் மூல வடிவம் வேறாக இருக்கும் என்று மனம் சொல்லியது. 1929-இல் மேற்குத் தீவுகளில் ஒன்றான தெற்கு யூயிஸ்ட்டுக்குப் போய், இரண்டு சகோதரிகளின் வீட்டில் ஏறக்குறைய ஆறு ஆண்டுகள் தங்கினார். மாடு கறப்பதையும் அடுப்பெரிக்கச் சதுப்புநிலக் கட்டி வெட்டுவதையும் பார்த்தும் செய்தும் மொழியைப் பழகினார். அப்படித் திரட்டிய பாடல்களும் வழக்காறுகளும் 1955-இல் நூலாயின. முன்னோர் மரபைத் தழுவ விரும்பும் எவருக்கும் நான் காட்டக்கூடிய வழி இவருடையது. உயிரோடிருக்கும் மக்களின் அடுப்படியில் போய் அமர்ந்து அவர் கற்றார்.

கனடாவின் நோவா ஸ்கோஷியாவில் இன்று இதையே முறையாக்கியிருக்கிறார்கள். அங்கே கேப் பிரெட்டன் தீவில் 1892 முதல் 1904 வரை முழுக்கக் கேலிக்கிலேயே ‘மக் டல்லா’ என்ற இதழ் வந்தது. அந்த வாசகர்களின் கொள்ளுப் பேரப் பிள்ளைகள் பலருக்கு மொழி இல்லை. ஆகவே பாடநூலை ஒதுக்கிவிட்டு, பேசத் தெரிந்த முதியவரோடு சமையலறையில் தேநீர் போட்டும் ரொட்டி சுட்டும் ஆங்கிலக் கலப்பின்றிப் பேசிப் பழகுகிறார்கள். பலகையில் துணி அடித்துப் பாடும் வழக்கமும் அத்தீவில் விடவில்லை, ஆண்களும் அமர்கிறார்கள். துணியை இறுக்க வேண்டிய தேவை போய்விட்டது. பாடுவதற்காகவே ஒரு போர்வையை எடுத்து அடிக்கிறார்கள்.

1937-இல் ஷாவும் அவர் கணவர் ஜான் லோர்ன் கேம்பலும் அங்கே சென்று பாடல்களை ஒலிப்பதிவு செய்தார்கள். ஸ்காட்லாந்தின் பாரா தீவிலிருந்து நான்கைந்து தலைமுறைக்கு முன் கடல் கடந்தவர்களின் சந்ததி, அத்தீவுப் பாடல்களை வாயிலேயே வைத்திருந்தது. அவர்கள் வந்த கப்பல்களில் குலத்துக்கொரு கட்டம் என்ற ஏடு எதுவும் ஏறவில்லை. அது அச்சாவதற்கு முன்பே பலரும் கரை சேர்ந்துவிட்டிருந்தார்கள்.